பேஸ்ட்ரி நூலும் எடை குறைப்பு நூலும்: மலையகச் சமையலறையில் இரண்டையும் வாசிக்கும் முறை

இலங்கையின் மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, நுவரெலியா ஆகிய ஊர்களில் வீட்டிலிருந்தபடியே கேக் செய்து விற்போர் பெருகியுள்ளனர். இவர்களுடைய விளம்பரங்களில் சில காலமாக ஒரு புதிய சொற்றொடர் தலைகாட்டுகிறது: ‘சீனி சேர்க்காத டயட் கேக்’, ‘உடல் மெலிய உதவும் பேஸ்ட்ரி’. இவற்றின் செய்முறைகள் பெரும்பாலும் இரண்டு வகையான சமையல் நூல்களிலிருந்து துண்டு துண்டாக எடுத்து ஒட்டப்பட்டவை. ஒரு வகை, ஹோட்டல் சமையலறையில் வேலை பழகுபவருக்கான தொழில்முறைப் பேஸ்ட்ரி நூல். மற்றது, உடல் எடையைக் குறைக்க விரும்புபவருக்கான ஆரோக்கியச் சமையல் நூல். கடையில் இவ்விரண்டும் ஒரே அலமாரியில் இருந்தாலும் இவற்றின் கணக்குகள் முற்றிலும் வேறானவை. போதாக்குறைக்கு, இரண்டும் பெரும்பாலும் கடல்மட்டத்தை ஒட்டிய ஊர்களில், வேறு மாவையும் வேறு அடுப்பையும் வைத்து எழுதப்பட்டவை. ஆகவே, நூலில் உள்ளபடியே செய்தும் நடுவில் குழிந்துபோன கேக்குக்கும், மூன்று மாதம் ‘டயட்’ செய்தும் இறங்காத எடைக்கும் செய்பவரின் கைப்பக்குவத்தை மட்டும் குறை சொல்ல முடியாது.

பேஸ்ட்ரி நூலில் ஒவ்வொரு பொருளும் ஒரு வேலையைச் செய்கிறது

தொழில்முறை நூலை வீட்டுச் சமையல் நூலிலிருந்து பிரித்துக் காட்டுவது அதிலுள்ள வண்ணப் படங்களல்ல, அதன் அளவு முறை. அதில் எல்லாம் கிராமில் இருக்கும். பாண், பணிஸ் வகைகளுக்கு மாவின் எடையை நூறாகக் கொண்டு, தண்ணீர் 60, உப்பு 2 என்று மற்றவற்றை அந்த நூறுக்கு விகிதமாகக் கொடுப்பார்கள். இதற்கு வெதுப்பக விகிதம் என்று பெயர். ஒரு கிலோ மாவுக்குச் செய்தாலும் 25 கிலோ மூட்டைக்குச் செய்தாலும் விகிதம் மாறாது என்பதால், தொழிலுக்கு இதுவே உகந்த முறை.

இந்த விகிதங்களின் பின்னால் ஒரு கட்டுமானம் இருக்கிறது. மாவிலுள்ள புரதம் தண்ணீருடன் சேர்ந்து பிசையப்படும்போது இழுபடும் வலையாக மாறுகிறது. பட்டர் அந்த வலையின் இழைகளைப் பூசி நீளவிடாமல் தடுப்பதால் பிஸ்கட் மொறுமொறுப்பாகவும் கேக் மென்மையாகவும் அமைகின்றன. முட்டை சூட்டில் இறுகி உருவத்தைத் தாங்குகிறது. சீனியை இனிப்புக்காக மட்டும் சேர்ப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது பட்டரோடு சேர்த்து அடிக்கும்போது காற்றைச் சிறைப்பிடிக்கிறது, ஈரத்தைப் பிடித்து வைத்துக் கேக்கை நாள்பட மிருதுவாக வைத்திருக்கிறது, மேற்பரப்புக்குப் பொன்னிறம் தருகிறது. எல்லாவற்றிலும் முக்கியமாக, மாவும் முட்டையும் இறுகும் வெப்பநிலையை உயர்த்திக் கேக் எழும்புவதற்கு நேரம் வாங்கிக் கொடுக்கிறது. எனவே ‘சீனிக்குப் பதில் இனிப்பு மாத்திரை’ என்று மாற்றும்போது இனிப்பு கிடைத்துவிடும், மற்ற நான்கு வேலைகளையும் செய்ய ஆளிருக்காது. அப்படிச் செய்த கேக் மறுநாளே கட்டியாகிப் போவதன் காரணம் இதுதான்.

அடுக்குப் பேஸ்ட்ரியில் இந்தக் கட்டுமானம் இன்னும் தெளிவாகத் தெரியும். மாவுக்குள் பட்டரை வைத்துத் தட்டி, மூன்றாக மடித்து, மறுபடியும் தட்டி மடிப்பதை ஆறு தடவை செய்தால் 729 பட்டர் அடுக்குகள் உருவாகின்றன. ஓவனில் மாவிலுள்ள நீர் ஆவியாகி இந்த அடுக்குகளைத் தூக்குகிறது. இது நடக்கவேண்டுமானால் தட்டும்போது பட்டர் உடையாமலும் உருகாமலும் வளைய வேண்டும். பொதுவாக 13 முதல் 18 பாகை செல்சியஸுக்குள் அது அந்தப் பதத்தில் இருக்கும். கொழும்பில் இதற்காகக் குளிர்சாதன அறையும் பளிங்கு மேசையும் தேவைப்படுகின்றன. நுவரெலியாவிலோ சராசரி வெப்பநிலையே 16 பாகையை ஒட்டியது. பட்டர் உருகிவிடுமோ என்ற பயத்தில் உருகுநிலை கூடிய மாஜரினை மட்டுமே நம்பியிருக்கும் நம் வெதுப்பகங்கள், ஓவனிலிருந்து விலகிய மூலையொன்றில் விடியற்காலையில் அசல் பட்டரோடு வேலை செய்து பார்க்கலாம். இந்த விடயத்தில் மலையகத்துக்கு இயற்கை கொடுத்த வசதியை நாம் போதியளவு பயன்படுத்தவில்லை என்பது இந்தக் கட்டுரையாளரின் கருத்து.

உயரம் எதை மாற்றுகிறது

மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை என்று கணக்கிடலாம். கடல்மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் நீர், 500 மீற்றரை ஒட்டிய கண்டியில் 98 பாகைக்குச் சற்று மேலும், 1,270 மீற்றர் அளவிலுள்ள ஹட்டனில் 96 பாகையை ஒட்டியும், 1,868 மீற்றர் உயரமான நுவரெலியாவில் 94 பாகையை ஒட்டியும் கொதிக்கிறது. நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே ஒரே அளவு வாயு நான்கில் ஒரு பங்கு கூடுதலான இடத்தை அடைத்துக்கொள்ளும்.

கேக் குழிவதை இதிலிருந்து விளக்கலாம். பேக்கிங் பவுடரிலிருந்து வெளிவரும் வாயு வழக்கத்தைவிட அதிகமாக விரிகிறது. கலவை வேகமாக எழும்புகிறது, ஆனால் அதைத் தாங்கவேண்டிய மாவும் முட்டையும் இன்னும் இறுகவில்லை. குமிழிகளின் சுவர்கள் மெலிந்து கிழிந்து ஒன்றோடொன்று கலக்கின்றன. அதே நேரத்தில் நீர் சீக்கிரம் ஆவியாவதால் கலவையில் சீனியின் செறிவு கூடி, இறுகும் வெப்பநிலையை மேலும் தள்ளிப்போடுகிறது. கண்ணாடி வழியாகப் பார்ப்பவருக்கு இருபதாவது நிமிடத்தில் கேக் அழகாகக் குடைபிடித்திருப்பதுபோல் தெரியும். ஓரங்கள் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, நடுப்பகுதி மட்டும் மெல்ல அமிழ்ந்து, வெட்டிப் பார்த்தால் அடியில் பிசுபிசுப்பான பட்டையொன்று இருக்கும். ‘பேக்கிங் பவுடர் போதவில்லை’ என்று அடுத்த முறை அதைக் கூட்டுவதுதான் பெரும்பாலானோர் செய்வது. நிலைமை இன்னும் மோசமாகும்.

சுமார் 900 மீற்றருக்கு மேற்பட்ட இடங்களுக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் திருத்தங்கள் பின்வருமாறு. கண்டியிலும் பதுளையிலும் இவை பெரும்பாலும் தேவைப்படமாட்டா.

1. பேக்கிங் பவுடரை ஒரு தேக்கரண்டிக்கு எட்டில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை குறைக்க வேண்டும். ஹட்டன், பண்டாரவளைக்குக் குறைந்த அளவிலிருந்து தொடங்கலாம், நுவரெலியாவில் நான்கில் ஒரு பங்கைக் குறைப்பதே பொருத்தம்.

2. சீனியை ஒரு கோப்பைக்கு 1 முதல் 2 மேசைக்கரண்டி குறைக்க வேண்டும்.

3. பால், தண்ணீர் போன்ற திரவத்தை ஒரு கோப்பைக்கு 2 முதல் 4 மேசைக்கரண்டி கூட்ட வேண்டும்.

4. ஓவனின் வெப்பத்தை 8 முதல் 14 பாகை வரை உயர்த்தி, நேரத்தைச் சற்றுக் குறைக்க வேண்டும். கலவை கிழிவதற்கு முன்னரே இறுகவைப்பது இதன் நோக்கம்.

5. முட்டை வெள்ளைக்கருவை அடித்துச் செய்யும் ஸ்பொஞ்ச் வகைகளில், நுனி விறைத்து நிற்கும்வரை அடிக்காமல், வளைந்து சாயும் பதத்தில் நிறுத்த வேண்டும். விரிவதற்கு அதில் இடம் மீதமிருக்க வேண்டும்.

இவற்றை ஒரே தடவையில் எல்லாமாக மாற்றினால் எது பலனளித்தது என்று தெரியாமல் போகும். முதலில் பேக்கிங் பவுடர், பிறகு வெப்பம், அதன்பின் சீனியும் திரவமும் என்று ஒவ்வொன்றாக மாற்றி எழுதிவைப்பது நல்லது.

ஈஸ்ட் சேர்த்த மாவில் இரண்டு விசைகள் எதிரெதிராக இழுக்கின்றன. மெலிந்த காற்று மாவை விரைவாகப் பொங்கவைக்கும், குளிர் ஈஸ்டைச் சோம்பவைக்கும். ஜனவரி மாத நுவரெலியாவில் இரவு முழுவதும் வைத்தும் பொங்காத மாவு, அதே ஊரில் ஓவனருகே வைத்தால் நூலில் சொன்ன நேரத்துக்கு முன்பே பொங்கி வழிந்துவிடும். ‘ஒரு மணி நேரம் வைக்கவும்’ என்ற வரியை ஒதுக்கிவிட்டு, ‘இரண்டு மடங்காகும்வரை’ என்ற வரியை மட்டும் நம்புவதே வழி.

பாகு காய்ச்சுபவர்களுக்கு உயரம் வேறு வகையில் தொல்லை தருகிறது. பாகின் பதம் அதில் எவ்வளவு நீர் மிஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. நீரின் கொதிநிலை ஆறு பாகை தாழ்ந்த இடத்தில், நூலில் உள்ள எண்ணிலிருந்தும் அதே ஆறு பாகையைக் கழிக்க வேண்டும். மெல்லிய உருண்டைப் பதத்துக்கு நூல் 112 முதல் 116 பாகை என்று சொன்னால், நுவரெலியாவில் அது 106 முதல் 110 பாகை. அங்கு விளையும் ஸ்ட்ரோபெரியில் ஜாம் காய்ச்சுபவர் நூலை நம்பி 105 பாகைக்காகக் காத்திருந்தால் ஜாம் இறுகிப் பசையாகிவிடும், நிறமும் கறுத்துவிடும். ஜாம் உறையும் புள்ளி நீரின் கொதிநிலையைவிட நான்கைந்து பாகைதான் மேலே இருப்பதால், அங்கே 98 அல்லது 99 பாகையிலேயே இறக்கிவிடலாம். வெப்பமானியைக் கொதிநீரில் வைத்து அது காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்வது, எந்த அட்டவணையையும்விட நம்பகமான தொடக்கம். கருவியில் பிழை இருந்தாலும் அதுவும் இந்தக் கழித்தலுக்குள் அடங்கிவிடும்.

சோள மாவு (கோர்ன் ஃப்ளவர்) சேர்த்த கஸ்டர்ட்டுக்கும் ஒரு குறிப்பு. சோள மாவு முழுத் தடிப்பை அடைய ஏறத்தாழ 95 பாகை வேண்டும். கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம் வைத்துக் காய்ச்சச் சொல்லும் நூலைப் பின்பற்றினால், நுவரெலியாவில் அந்த வெப்பம் கிட்டவே கிட்டாது. நேரடித் தீயில், அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே காய்ச்ச வேண்டும்.

மாவும் கோப்பையும்

பிரெஞ்சு நூல்களில் வரும் டி45, டி55 என்ற எண்கள் புரதத்தைக் குறிப்பவையல்ல. மாவை எரித்தால் மிஞ்சும் சாம்பலின் அளவைக் குறிப்பவை. புரதம் வேறு கணக்கு. பாணுக்கு ஏறத்தாழ 12 சதவீதமும் அதற்கு மேலும், கேக்குக்கு 7 முதல் 9 சதவீதமும் உள்ள மாவுகள் உகந்தவை. நம் கடைகளில் கிடைக்கும் சாதாரணக் கோதுமை மா இடைப்பட்டது. அதில் மென்மையான கேக் செய்ய விரும்புபவர் ஒரு பகுதி மாவுக்குப் பதிலாகச் சோள மா கலக்கும் பழக்கம் சரியானதே.

தமிழ்நாட்டில் அச்சான எடை குறைப்பு நூல்களை வாங்குவோர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நூல்களில் கோதுமை மாவு என்றிருப்பது முழுக் கோதுமையில் அரைத்த, நாம் ஆட்டா மா என்று வாங்கும் பொருள். நம் கடையில் கோதுமை மா என்று கேட்டால் கிடைப்பது அவர்கள் மைதா என்று விலக்கச் சொல்லும் வெள்ளை மா. முழுக் கோதுமையில் நார்ச்சத்து 100 கிராமுக்கு 10 கிராமை ஒட்டியும் வெள்ளை மாவில் 3 கிராமுக்கு உட்பட்டும் இருப்பதால், இந்தக் குழப்பத்தில் அந்த உணவுத் திட்டத்தின் பாதிப் பயனே போய்விடுகிறது.

கோப்பை அளவும் நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்கக் கோப்பை 240 மில்லிலீற்றரை ஒட்டியது, மெட்ரிக் கோப்பை 250. அவுஸ்திரேலிய மேசைக்கரண்டி 20 மில்லிலீற்றர், மற்ற இடங்களில் 15. ஒரு பாண் 450 கிராம் இருக்கவேண்டும் என்று நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை 2024-இல் நிர்ணயித்தபோது தராசில்லாத வெதுப்பகங்களும் தராசு வாங்கவேண்டி வந்தது. வீட்டிலும் ஒரு சிறிய மின்தராசு, இரண்டு வகை நூலுக்கும் பொதுவான ஒரே கருவி. நூல் வாங்க வைத்திருக்கும் பணத்தில் முதலில் அதை வாங்குவதே புத்திசாலித்தனம்.

எடை குறைப்பு நூலின் கணக்கு

இந்த வகை நூலில் பொருள் என்ன வேலை செய்கிறது என்ற கேள்வி பின்தள்ளப்பட்டு, அது எவ்வளவு சக்தி தருகிறது என்ற கேள்வியே முன்னிற்கும். நூல்களில் கலோரி என்று எழுதப்படுவது கிலோ கலோரியையே குறிக்கிறது. மாச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4, கொழுப்பு கிராமுக்கு 9. உடலில் செலவாவதைவிடக் குறைவாக உண்டால் எடை குறையும். எந்த நூலின் எந்த வழியும் இறுதியில் இதற்குள்தான் அடங்குகிறது.

இந்தக் கணக்கைக் கொண்டு நூலின் அட்டையையே சோதிக்கலாம். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி சேமிக்கப்பட்டுள்ளது. ‘ஒரே மாதத்தில் 10 கிலோ’ என்று அட்டையில் அச்சிட்டிருந்தால், நாளொன்றுக்கு 2,500 கலோரிக்கு மேல் குறைய வேண்டும். பல பெண்களின் முழு நாள் தேவையே அதைவிடக் குறைவு. அதாவது ஒன்றுமே உண்ணாவிட்டாலும் அந்தக் கணக்கு நேராகாது. முதல் வாரத்தில் தராசில் தெரியும் பெரிய இறக்கம், தசையிலும் ஈரலிலும் சேமிக்கப்பட்ட மாச்சத்தும் அதோடு ஒட்டியிருந்த நீரும் வெளியேறியதால் வருவது. ஒரு கிராம் சேமிப்பு மாச்சத்தோடு ஏறத்தாழ மூன்று கிராம் நீர் சேர்ந்திருக்கும். வாரத்துக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை என்று சொல்லும் நூல் கவர்ச்சியற்றதுதான். ஆனால் பொய் சொல்லவில்லை.

எடை கூடியவர் யார் என்பதிலும் நூல்கள் வேறுபடுகின்றன. மேலைநாட்டு நூல்கள் உடல் நிறைச் சுட்டெண் (கிலோவிலுள்ள எடையை மீற்றரிலுள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 25-ஐ எல்லையாக வைக்கின்றன. ஆசிய மக்களுக்கு 23 என்ற அளவிலேயே ஆபத்து கூடத் தொடங்குகிறது என்று உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு 2004-இல் சுட்டிக்காட்டியது. 160 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒருவருக்கு முதற்சொன்ன எல்லை 64 கிலோ, பின்னது ஏறத்தாழ 59 கிலோ. இந்த ஐந்து கிலோ இடைவெளியில் இருப்பவர்களே நம்மிடையே ஏராளம்.

ஒரு பட்டர் கேக்கைக் கணக்குப் போட்டால்

இரண்டு நூல்களும் மோதுமிடம் ‘ஆரோக்கிய கேக்’ என்ற அத்தியாயம். 250 கிராம் மா, 250 கிராம் பட்டர், 250 கிராம் சீனி, ஐந்து முட்டை கொண்ட சாதாரணப் பட்டர் கேக்கை எடுத்துக்கொள்வோம். மாவில் சுமார் 910 கலோரி, பட்டரில் 1,790, சீனியில் 970, முட்டையில் 360. மொத்தம் ஏறத்தாழ 4,030. இதை 20 துண்டாக வெட்டினால் துண்டுக்கு 200 கலோரி.

இப்போது நூல்கள் சொல்லும் மாற்றங்களைச் செய்து பார்ப்போம்.

1. சீனியில் கால்வாசியைக் குறைத்தால் கேக்கில் 240 கலோரி குறையும். துண்டுக்கு 12 மட்டுமே.

2. சீனிக்குப் பதில் கித்துள் கருப்பட்டி போட்டால் சுவை மாறும், நிறம் மாறும், கலோரி ஏறத்தாழ அதேதான். தேன் போட்டால் எடைக்கு எடை சற்றுக் குறைவு. ஆனால் அதில் நீர் இருப்பதால் மாவின் பதம் கெடும்.

3. பட்டருக்குப் பதில் அதே எடையில் எண்ணெய் ஊற்றினால் 400 கலோரிக்கு மேல் கூடும். பட்டரில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி நீரும் பால் திடப்பொருளும் இருப்பதும், எண்ணெய் முழுக் கொழுப்பாக இருப்பதுமே காரணம்.

4. எதையுமே மாற்றாமல், அதே கேக்கை 20-க்குப் பதில் 25 துண்டாக வெட்டினால் துண்டுக்கு 160. அதாவது 40 கலோரி குறைவு.

கத்தியால் செய்த இந்த நான்காவது மாற்றம், மற்ற மூன்றையும்விடப் பெரியது. சீனியைக் குறைத்த கேக் என்று தெரிந்ததும் இன்னொரு துண்டு எடுக்கும் மனித இயல்பையும் சேர்த்தால், மாற்றுக் கேக் நட்டத்தில்தான் முடியும். செயற்கை இனிப்புகளைப் பொறுத்தவரை, நீரிழிவு இல்லாதவர்கள் எடைக் கட்டுப்பாட்டுக்காக அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார அமைப்பு 2023 மே மாதத்தில் பரிந்துரைத்தது. நீண்ட காலத்தில் அவற்றால் எடை குறைவதற்குச் சான்றில்லை என்பதே அதன் அடிப்படை.

உயரத்துக்காகச் சீனியைக் குறைக்கும்போது கேக்கின் உருவம் காப்பாற்றப்படுவதோடு 60 முதல் 120 கலோரி வரையும் குறையும் என்பது மலையகத்தவருக்கு ஒரு சிறு போனஸ். அதற்குமேல் அந்தக் கேக்கிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. பட்டர் கேக்கை பட்டர் கேக்காகவே, நல்ல பட்டரில், சிறு துண்டாக, தீபாவளிக்கும் நத்தாருக்கும் உண்பதே இரண்டு நூல்களுக்கும் மரியாதை.

எடையைத் தீர்மானிப்பது அன்றாடத் தட்டு

எடை குறைப்பு நூலில் இனிப்புப் பகுதியைத் தாண்டி, காலையும் மதியமும் உண்பதைப் பற்றிய பக்கங்களுக்குப் போக வேண்டும். அங்கேதான் நம் சூழலோடு பொருந்தாமை அதிகம். கினோவா, கேல், பாதாம் பால் என்று பட்டியல் நீளும். நுவரெலியாவின் கரட், லீக்ஸ், கோவா, போஞ்சி, நோக்கோல் ஆகியவை அந்த வேலையைக் குறைந்த செலவில் செய்துவிடும் என்பதை அந்த நூல்களை எழுதியவர்கள் அறிய வாய்ப்பில்லை.

ஒரு தோட்ட வீட்டின் காலை உணவைப் பார்ப்போம். 100 கிராம் கோதுமை மாவில், 25 கிராம் தேங்காய்ப் பூ பிசைந்து, தோசைக்கல்லில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் தடவிச் சுட்ட ரொட்டியில் ஏறத்தாழ 500 கலோரி இருக்கும். பக்கத்தில் இரண்டு கரண்டி தேங்காய்ச் சம்பல் என்றால் இன்னும் 150 சேரலாம். இதைத் தின்றுவிட்டு மலைச்சரிவில் ஏறி, நாள் முழுவதும் நின்று கொழுந்து பறித்து, கூடையைச் சுமந்து வருபவருக்கு இது அதிகமேயல்ல. அவருடைய தட்டில் உண்மையில் குறைவது புரதமும் இரும்புச்சத்தும். அதே வீட்டில் அதே ரொட்டியைத் தின்றுவிட்டு நகரத்துக் கடையில் காசாளராக அமர்ந்திருக்கும் மகளுக்கு அது கூடுதல். ஒரே அடுப்பில் இரண்டு தேவைகள் வேகின்றன. எந்த நூலும் ‘குடும்பம் முழுவதற்கும் ஏற்ற டயட்’ என்று சொன்னால் சந்தேகப்பட வேண்டியது இதனால்தான்.

இந்தச் சந்தேகத்துக்குப் புள்ளிவிபரமும் துணை நிற்கிறது. 2016-ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடளாவிய ரீதியில் 17.3 சதவீதம், பெருந்தோட்டத் துறையில் 31.7 சதவீதம். எடை குறைப்பு நூலின் அளவுகளைப் பிள்ளைகளின் தட்டுக்கு ஒருபோதும் கொண்டுவரக் கூடாது.

மகளின் தட்டில் மாற்றவேண்டியவை பெரிதல்ல. ரொட்டியைப் பாதியாக்கி, மிச்ச இடத்தை அவித்த கடலை அல்லது பாசிப்பயறால் நிரப்பலாம். வெள்ளை மாவில் பாதியைக் குரக்கன் மாவாகவோ ஆட்டா மாவாகவோ மாற்றலாம். கறியில் முதற்பாலைத் தவிர்த்து இரண்டாம் பாலோடு நிறுத்தலாம். தாளிப்பு எண்ணெயைப் போத்தலிலிருந்து நேரே ஊற்றாமல் கரண்டியால் அளக்கலாம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருப்பதால், குறைத்துவிட்டோம் என்று நினைத்த இடத்திலேயே அது திரும்பி வந்துவிடும்.

எல்லாவற்றையும்விட எளிதாகக் குறையக்கூடியது தேத்தண்ணிச் சீனி. கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் நாளுக்கு ஐந்து கோப்பை குடிப்பவர் அதில் மட்டும் 40 முதல் 50 கிராம் சீனி உட்கொள்கிறார். 2,000 கலோரி உண்ணும் ஒருவருக்குச் சேர்க்கும் சீனி 50 கிராமுக்குக் குறைவாக, இயன்றால் 25 கிராமுக்குள் இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் 2015 வழிகாட்டல். பணிஸும் பிஸ்கட்டும் வாயில் படுவதற்கு முன்பே எல்லை தொட்டுவிட்டது. எடை குறைப்பு நூல்களில் தேத்தண்ணிக்கு ஒரு பக்கம்கூட ஒதுக்கப்படாதது விசித்திரம். தேயிலை விளையும் ஊரில் அது முதல் அத்தியாயமாக இருந்திருக்க வேண்டும்.

உயரம் இங்கேயும் குறுக்கிடுகிறது. அவித்து உண்ணச் சொல்லும் நூல்கள் கடலைக்கும் பருப்புக்கும் கொடுக்கும் நேரம் நுவரெலியாவில் போதாது, 94 பாகை நீரில் அவை மெதுவாகவே வேகும். இரவே ஊறவைத்து, பிரஷர் குக்கரில் அவிப்பதே எரிவாயுச் செலவைக் கட்டுப்படுத்தும் வழி. அவிப்பதற்கு ஆகும் செலவைப் பார்த்து மீண்டும் பொரிப்பதற்குத் திரும்புவோர் உண்டு என்பதால் இதைச் சிறு விடயமாகத் தள்ள முடியாது.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் ஆகியோர் இத்தகைய நூலைப் பார்த்துத் தாமாக உணவைக் குறைக்கக் கூடாது. மருந்தை மாற்றாமல் உணவை மட்டும் குறைத்தால் இரத்தத்தில் சீனி அபாயகரமாகத் தாழலாம்.

வாங்குவதற்கு முன்னும் விற்பதற்கு முன்னும்

பேஸ்ட்ரி நூல் வாங்குபவர் கடையிலேயே மூன்றைச் சரிபார்க்கலாம்: அளவுகள் கிராமில் உள்ளனவா, செய்முறையின் முடிவில் எத்தனை துண்டு அல்லது எவ்வளவு எடை கிடைக்கும் என்று சொல்லப்பட்டிருக்கிறதா, பிழை வந்தால் காரணம் கண்டுபிடிக்க ஒரு பகுதி இருக்கிறதா. எடை குறைப்பு நூலில் பார்க்கவேண்டியது ஒன்றே: ஒருவருக்கான பரிமாறும் அளவு கிராமில் இருக்கிறதா. ‘ஒரு கிண்ணம்’ என்று மட்டும் எழுதி அருகில் கலோரி எண் போட்டிருக்கும் நூலை அலமாரியிலேயே திரும்ப வைத்துவிடலாம். தொழிலாகவே பழக விரும்புபவர், நூலோடு நிற்காமல் கண்டியிலும் பண்டாரவளையிலும் உள்ள இலங்கை சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவகத்தின் கல்லூரிகளையோ, தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தரும் வெதுப்பகப் பயிற்சியையோ நாடுவது நல்லது. மாவின் பதத்தைக் கை அறிய வேண்டும், எந்தப் படமும் அதைக் கற்றுத் தராது.

விற்பவர்களுக்கு இதில் சட்டப் பொறுப்பும் உண்டு. 1980-ஆம் ஆண்டின் 26-ஆம் இலக்க உணவுச் சட்டம், பொய்யான அல்லது ஏமாற்றும் வகையில் உணவுக்கு லேபல் இடுவதையும் விளம்பரம் செய்வதையும் தடை செய்கிறது. வீட்டுக் கேக்காக இருந்தாலும் விற்பனைக்கு வந்துவிட்டால் அது பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பார்வைக்குள் வந்துவிடும். கருப்பட்டி போட்ட கேக்கைச் ‘சீனி இல்லாதது’ என்று எழுதுவது, அதை நம்பி வாங்கும் நீரிழிவு நோயாளிக்கு நேரடித் தீங்கு. மென்பானங்களில் சீனியின் அளவை நிறத்தால் காட்டும் முறை 2016 ஆகஸ்ட் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தபோது, 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமைத் தாண்டியதற்குச் சிவப்பு நிறம் வைத்தார்கள். மேலே கணக்கிட்ட பட்டர் கேக்கில் 100 கிராமுக்கு 25 கிராமுக்கு மேல் சீனி இருக்கிறது. லேபலில் எழுதுவதற்கு நேர்மையான வழி ஒன்றுண்டு: சேர்த்த பொருட்களின் பெயர்களை அளவின் இறங்கு வரிசையில் எழுதி, வெந்த கேக்கின் மொத்த எடையையும், ஒரு துண்டின் எடையையும், அந்தத் துண்டில் உள்ள கலோரியையும் குறிப்பிடுவது. தராசும் ஒரு தாளும் பேனாவும் இருந்தால் பத்து நிமிடத்தில் அந்தக் கணக்கைப் போட்டுவிடலாம்.